அடிக்காத போனும் எட்டு இழை வயரும்

போன வெள்ளிக்கிழமை காலை முழுக்க ஒரு டெலிபோனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அடிக்கவே இல்லை.

உக்குவளையில் ஒரு மசாலாக் கம்பெனி ஆபீசைக் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது என் வேலை என்று வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் தோட்டத்து லய வீடுகள் இருக்கிற பள்ளத்தில் கைபோனுக்கு சிக்னல் கிடையாது. அதனால் ஆஸ்பத்திரியில் ஆபீஸ் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி எதற்கு? என் வீட்டுக்காரருக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதும் இருட்டிக்கொண்டு வருகிறது. ஆபரேஷனுக்கு இடம் கிடைத்தால் வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிடுவோம் என்றார் நர்ஸ். எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்பதையும் அழுத்திச் சொன்னார். மறுபடி எப்போது இடம் கிடைக்கும்? அதை அவர் சொல்லவில்லை.

முந்தின நாள் ஆபீசில் ஆயுத பூஜை. எங்கள் முதலாளி இந்த விஷயத்தில் யாரையும் நம்பமாட்டார். தராசு, கம்பியூட்டர், டெலிபோன் எல்லாவற்றையும் தானே கழற்றித் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பினார். வெள்ளிக்கிழமை காலையில் தேங்காய் உடைத்துவிட்டு, திரும்பவும் தானே எல்லாவற்றையும் கொழுவினார்.

நான் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தேன். போன் பேசாமல் இருந்தது.

எடுத்துப் பார்க்கலாம்தானே என்று கேட்பீர்கள். எடுத்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்டால்? எங்கேஜ் என்று நினைத்து அடுத்த ஆளுக்குப் போய்விட்டால்? அந்தப் பயத்தில் போனுக்குப் பக்கத்தில்கூட நான் மூச்சுவிடவில்லை.

பக்கத்து மேசையில் கிளார்க் ரிஸ்வான். அவர் முகமும் சரியில்லை. கம்பியூட்டரைத் தட்டுகிறார், பெருமூச்சு விடுகிறார், அணைக்கிறார், போடுகிறார். எரிச்சலில் இருக்கிற ஆளிடம் போய் என் கதையைச் சொல்வதா? சாதாரண நாளிலேயே எனக்கு வாய் வராது.

கடைசியில் என் கண்தான் காட்டிக்கொடுத்தது. போனையே பார்த்துக்கொண்டு வைத்ததில் தேத்தண்ணிக் கோப்பை சரிந்து, பாதி அவர் மேசையில் கொட்டியது.

"என்ன பாக்கியம்மா, கண்ணு எங்க இரிக்கு? சொகமில்லையா?"

சொன்னேன். கண், நர்ஸ், அடுத்த ஆள்... எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

ரிஸ்வான் போனைப் பார்த்தார். "காலையிலருந்து ஒரு கோலும் வரல்லயா? வியாபாரிங்க விடாம கூப்பிடுற வெள்ளிக்கிழமையிலயா?" எடுத்துக் காதில் வைத்தார். "சத்தமே இல்ல. எனக்கு இன்டர்நெட்டும் இல்ல. பகலுக்குள்ள கொழும்புக்கு விலை அனுப்பணும், முதலாளிக்கு என்னத்த சொல்றதுன்னு நானும் முழிச்சிக்கிட்டு இரிக்கேன்... அட! ரெண்டும் ஒரே வயராச்சே!"

சட்டென்று மேசைக்குக் கீழே போய்விட்டார்.

கம்பியூட்டர் வந்தபோது, கல் சுவரில் இன்னொரு ஓட்டை போடவிடமாட்டேன் என்றார் முதலாளி. வயர் வேலைக்கு வந்தவர், ஏற்கெனவே சுவருக்குள் இருந்த வயரையே பங்கு போட்டார். அதற்குள் எட்டு இழை இருக்கிறதாம். கம்பியூட்டருக்கு நாலு, போனுக்கு ரெண்டு போதுமாம். வயரின் நுனியில் ஒரு சின்னப் பெட்டி வைத்து, பார்க்க ஒரே மாதிரி இரண்டு ஓட்டை விட்டார். எது எதற்கு என்று மேலே எழுதி ஒட்டியும் விட்டுப் போனார்.

அந்த ஒட்டின இடத்தில்தான் இப்போது சந்தனம் ஒரு விரல் தடிப்புக்குக் காய்ந்து கிடந்தது. ரிஸ்வான் அதைச் சுரண்டி, "போன் வயர் கம்பியூட்டர் ஓட்டையில, கம்பியூட்டர் வயர் போன் ஓட்டையில!" என்று கத்தினார்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "யாரு இத மாத்திக் குத்தினது?"

"நேத்திலருந்து இதத் தொட்டது ஒரே ஒரு ஆள்தான் முதலாளி," என்றார் ரிஸ்வான், மேசைக்குக் கீழே இருந்தபடியே.

முதலாளி காதைச் சொறிந்தார். "சரி சரி... மொதல்ல அந்தம்மாவுக்கு லைனப் போட்டுக் குடு."

மாற்றிக் குத்தியதும் போனில் 'ம்ம்ம்' என்று சத்தம் வந்தது. ரிஸ்வான் ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்துவிட்டார். சிங்களத்தில் பேசினேன். இரண்டு தரம் கூப்பிட்டோமே, மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லையே என்றார் நர்ஸ். அடுத்த ஆளுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று பார்த்துச் சொல்கிறேன், வையுங்கள் என்றார்.

வைத்தேன். மூன்று பேரும் அந்தப் போனைச் சுற்றி நின்றோம்.

அடித்தது! முதலாளி பாய்ந்து எடுத்தார். யட்டவத்தையில் இருந்து ஒரு வியாபாரி, கராம்பு விலை கேட்டு.

"இன்னைக்கு கராம்புக்கு வெலையே இல்ல, வைங்க!" என்று வைத்துவிட்டார். வந்த வியாபாரியை அவர் விரட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுபடி அடித்தது. "நீங்களே எடுங்க," என்று விலகிக்கொண்டார்.

அடுத்த ஆளுக்கு இன்னும் சொல்லவில்லையாம். திங்கட்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொன்னார் நர்ஸ். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளிக்கு முன்னால் நான் உட்கார்ந்ததும் அன்றைக்குத்தான்.

யோசித்துப் பார்த்தேன். காலை முழுக்க ரிஸ்வானுக்கு அவர் கவலை, எனக்கு என் கவலை. இரண்டும் அந்த ஒரே பெட்டிக்குள்தான் கிடந்தன. யாராவது ஒருவர் முதலிலேயே வாயைத் திறந்திருந்தால், நர்ஸ் கூப்பிட்ட நேரத்துக்கே போன் அடித்திருக்கும். இப்போதெல்லாம் தேத்தண்ணி கொடுக்கும்போது இரண்டு வார்த்தையும் பேசிப் பழகுகிறேன்... கஷ்டம்தான்.

திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் கண் கட்டை அவிழ்த்ததும் என் வீட்டுக்காரர் என்னை உற்றுப் பார்த்து, "என்னா, இப்பிடி மெலிஞ்சி போயிட்டே?" என்றார்.

முதலாளி மட்டும் பூஜையை விடுவதாக இல்லை. அடுத்த வருஷம் போன் ஓட்டைக்குச் சந்தனமாம், கம்பியூட்டர் ஓட்டைக்குக் குங்குமமாம்!