உள் லைற்றுக்கு எந்தப் பட்டன்

போன வருடம் கனடாவில் இருந்து லீவுக்கு வந்த என் தம்பியின் மகன், என் வீட்டு முன் அறையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய கொம்பியூட்டரைக் கண்டுபிடித்துவிட்டான். அதில் ஒரு காலத்தில் ஓடிய கார்ப் பந்தய விளையாட்டைப் பற்றி எனக்கு ஒரு பிரசங்கமே வைத்தான். அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம்தான் உலகம் முழுக்கப் பேர் வாங்கியதாம். ஆனாலும் ஒரு கூட்டம் இன்னும் முதலாவதைத்தான் தேடிப் போய் விளையாடுகிறதாம். ஏன் என்று இன்ரநெற்றில் சண்டை பிடிக்கிறார்கள். பழையதில் கார் கைக்குப் படிந்து ஓடும், பாட்டு நல்லது, சின்ன வயது ஞாபகம் என்று ஆளுக்கொரு காரணம்.

"நீங்கள் ஏன் மாமி பழையதையே வச்சிருந்தனீங்கள்? அதில ஒண்டும் நடக்காதே" என்று கேட்டான்.

ஒன்றும் நடக்காது என்பதுதான் காரணம் என்று சொன்னால் அவனுக்கு விளங்காது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்து வேறு கதைக்கு மாறிவிட்டேன். அவனுக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் வான் ஓட்டினவர். அன்புவழிபுரத்தில் இருந்து நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கம் ஆட்களை ஏற்றி இறக்குவார். அந்தக் காலத்தில் பொழுதுபட்ட பிறகு வாகனம் ஓட்டுகிறவனுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஆமி மறித்துச் சோதிக்கிற சென்ரிக்குக் கிட்டப் போகும்போது முன் லைற்றை அணைக்க வேண்டும், உள் லைற்றைப் போட வேண்டும், மெதுவாகப் போய் நிற்க வேண்டும். எங்கள் முகம் அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவர்கள் முகம் எங்களுக்குத் தெரியக் கூடாது. எங்கள் ஊரில் வாகனம் ஓட்டப் பழகுகிறவனுக்குக் கிளச், பிரேக்கோடு சேர்த்து இதையும் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒரு நாள் கல்யாண வீட்டு ஆட்களை நிலாவெளியில் இறக்கிவிட்டு இவர் தனியே திரும்பி வந்திருக்கிறார். இருட்டுகிற நேரம். சென்ரிக்கு முன்னால் முன் லைற்றை அணைத்தார், உள் லைற்றைப் போட்டார். அது எரியவில்லை. பல்ப் போய்விட்டது. முகத்தை மறைத்துக்கொண்டு இருட்டில் வந்தவன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். கடையில் வாங்கினால் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிற சாமான் அது. அதற்காக ஒரு மனுசனை மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வந்த அன்று குளிக்கத் தண்ணீர் வார்த்துவிட்டபோது முதுகைப் பார்த்தேன், அதுவே போதுமாக இருந்தது.

அவரை விட்டது சமாதானம் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலத்தில். வந்ததும் முதல் வேலையாக வானுக்குப் புது பல்ப் போட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆள் திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் வானுக்குள் ஏறி இருப்பார், திறப்பைத் திருப்புவார், எஞ்சின் பிடிக்கும், கை நடுங்கத் தொடங்கும். நிப்பாட்டிவிட்டு இறங்கி வருவார்.

"நாளைக்குப் பாப்பம்" என்பார்.

எனக்கு ஆத்திரம் வரும். பிடித்தவர்கள் மேல் வருகிற ஆத்திரத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் கொட்ட ஏலாதுதானே, அதனால் குசினியில் சட்டி பானை மேல் கொட்டுவேன். சில நாள் அவர் மேலேயும் கொட்டியிருக்கிறேன். அந்த மனுசன் மறுபடி வான் ஓட்ட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. கோயிலுக்கு நேர்ந்து வைத்ததும் அதைத்தான்.

வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக, தம்பி வாங்கித் தந்த இரண்டு கொம்பியூட்டரை முன் அறையில் வைத்து நான் ஒரு கேம் கடை தொடங்கினேன். ரியூசன் முடிந்து வருகிற பெடியள் இடம் பிடிக்கக் கதிரைக்கு அடிபட்டார்கள். இறக்கக்கண்டியில் இருந்து ரவுனுக்குப் படிக்க வருகிற ஒரு பெடியன் கொண்டுவந்து போட்டதுதான் அந்தக் கார் விளையாட்டு. கடலோரமாக ஒரு நீட்டு றோட்டு, பனையோ தென்னையோ என்று தெரியாத சில மரங்கள், மலை, வளைவு. ஒரு குருவி குறுக்கே வராது. தனியே ஓடிப் பழகுகிற பக்கத்தைத் திறந்தால் மற்றக் கார்களும் இல்லை.

ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் இவர் அந்தக் கதிரையில் போய் இருந்தார். ஓட்டினார். கை நடுங்கவில்லை. நான் கதவடியில் நின்று அவருடைய விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் ஓட்டினார். பந்தயக் காரை அவர் ஓட்டுகிற விதம் பெடியளுக்குப் பெரிய பகிடி. இடது பக்கத்தை விட்டு விலக மாட்டார். வளைவில் கோர்ன் அடிப்பார். எப்போதும் கடைசி.

"அண்ணை, இது ரேஸ். நீங்கள் மாப்பிள்ளை பொம்பிளையை ஏத்திக்கொண்டு போறமாதிரிப் போறீங்கள்" என்பார்கள்.

"உயிரோட போய்ச் சேருறதுதான்ரா ஓட்டம்" என்பார் இவர், சிரித்துக்கொண்டே. அவர் சிரித்து எவ்வளவு காலம் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் வானை ஸ்ராட் பண்ணி ஒழுங்கை முனை மட்டும் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தார். அடுத்த கிழமை சந்தி வரைக்கும் போய் வந்தார். கண் பட்டுவிடும் என்று எனக்குப் பயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டாம் பாகம் வந்தது. பெடியள்தான் கேட்டார்கள், அதில் படம் சினிமா மாதிரி இருக்குமாம் என்று. போட்டுத் தர வந்த ஆள், இடம் காணாது என்று சொல்லிப் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டுவிட்டுப் போனான். வெளியே சண்டையும் திரும்பத் தொடங்கியிருந்தது. சமாதானம் என்று எடுத்த சென்ரியெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, போன முறையை விட நெருக்கமாக உட்கார்ந்துகொண்டது.

புதியதில் றோட்டில் பொலிஸ் இருந்தது. சைரன் போட்டுப் பின்னால் துரத்திக் கலைக்கும். இரண்டு ஜீப்பைக் குறுக்கே விட்டு மறிக்கும். அதை இடித்துக்கொண்டு போக வேண்டும், அதுதான் விளையாட்டு. எங்கள் பெடியள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரேக் பிடித்தார்கள். மறிப்பைக் கண்டதும் ஒருத்தன் விடாமல் எல்லாரும் பிரேக் பிடித்தார்கள். நிற்கிறவனைப் பிடித்துவிட்டோம் என்று திரை சொல்லும், ஆட்டம் முடியும். ஒருத்தரை ஒருத்தர் பேசிச் சிரித்தார்கள். "விசரா, உன்ர அடையாள அட்டையைக் கேக்க மாட்டாங்கள், இடிச்சிட்டுப் போ" என்று பக்கத்தில் இருக்கிறவன் கத்துவான். அவன் முறை வந்தால் அவனும் பிரேக் பிடிப்பான். இதை உருவாக்கின வெளிநாட்டுக்காரனுக்குப் பொலிஸ் கலைப்பது ஒரு சந்தோஷம். றோட்டுச் சொந்தமாக இருக்கிறவனுக்குத்தான் கலைக்க ஆள் தேவைப்படுகிறது.

பழையது இல்லாததால் இவரும் ஒரு பின்னேரம் புதியதில் இருந்தார். நகரம், இருட்டு, மழை பெய்து ஈரமான றோட்டு. வழமை போல இடது பக்கமாக ஓட்டினார். பின்னால் சைரன் கேட்டதும் ஒதுங்கி வழி விட்டார். பெடியள் கதிரையில் தட்டிச் சிரித்தார்கள். கொஞ்சத் தூரத்தில் ஜீப் இரண்டும் குறுக்கே நின்றன. இவர் வேகத்தைக் குறைத்தார். ஒரு பட்டனை அமத்தி முன் லைற்றை அணைத்தார். திரை கறுத்துப் போனது.

"அண்ணை, லைற்றை ஏன் நூக்கிறீங்கள்? ஒண்டும் தெரியேல்ல" என்றான் ஒருத்தன்.

இவருடைய விரல்கள் கீபோட்டில் அங்குமிங்கும் தேடின. பிறகு திரும்பி அவனைப் பார்த்தார்.

"உள் லைற்றுக்கு எந்தப் பட்டன்?" என்று கேட்டார்.

பெடியளின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர்களுக்குப் பல்புக் கதை தெரியும், ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும்.

"அது இதில இல்லை அண்ணை."

"இல்லாட்டி எப்பிடிப் போறது?" என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. திரையில் பிடித்துவிட்டோம் என்று எழுத்து வந்தது. எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவினார்.

அன்றைக்குப் பிறகு ஒருத்தனும் புதியதைத் தொடவில்லை. "அக்கா, பழையதையே போடுவம்" என்றார்கள். கதிரைக்கு அடிபடுகிற பெடியள் அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அதன் சீடி இறக்கக்கண்டிப் பெடியனிடம் இருந்தது. அவனை வீட்டார் ரவுனுக்கு விடுவதை நிறுத்திவிட்டார்கள். பஸ் ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை.

ஒரு காலை இவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "நான் போய் எடுத்தாறன்" என்றார். எதில் என்று நான் கேட்கவில்லை. திறப்பு அலுமாரியில் இருந்தது, அவரே எடுத்தார். கை எப்படி இருந்தது என்று பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. வான் ஒழுங்கையால் போய்த் திரும்பியது, சத்தம் சந்தியைத் தாண்டிக் கேட்டது. நேர்ந்து வைத்ததெல்லாம் பலித்துவிட்டது என்று சாமிப் படத்துக்கு முன்னால் போய் இருந்து அழுதேன். பிறகு பயம் பிடித்தது. சோறு போட்டு வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

மத்தியானம் வந்துவிட்டார். கொளுத்துகிற வெயில். வானை அதன் இடத்தில் விட்டுவிட்டு இறங்கி, சீடியை என் கையில் தந்தார். சேட்டு நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"மறிச்சவங்களோ?"

"ஓம், எல்லா இடமும் மறிச்சவங்கள். ஒருத்தனும் ஒண்டும் கேக்கேல்ல. சும்மா போகச் சொல்லிட்டாங்கள்" என்றார்.

"அப்ப இனி ஓடலாம்தானே?" என்று கேட்டேன். ஆசையில் கேட்டுவிட்டேன்.

அவர் உள்ளே போனார். நான் வானைப் பார்த்தேன். அந்த உச்சி வெயிலுக்குள், வானுக்குள்ளே, உள் லைற் எரிந்துகொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, லைற்றை நூக்கேல்லையே?" என்று கேட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

"வீட்டால வெளிக்கிடேக்க போட்டது. இருக்கட்டும்" என்றார்.

கதவைத் திறந்து நானே அணைத்திருக்கலாம். அவர் இருக்கட்டும் என்று சொன்ன விதத்தில் எனக்குக் கை வரவில்லை. இரவு முழுக்க அது எரிந்தது. விடிய பற்றறி இறங்கிக் கிடந்தது. சார்ஜ் போட்டுத் தரவா என்று பெடியள் கேட்டார்கள், வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். பிறகு முன் அறைக்குப் போய், அவர்கள் போட்டுக் கொடுத்த பழைய விளையாட்டில், அந்தக் கடலோர றோட்டில், இடது பக்கமாக ஓட்டத் தொடங்கினார். வானை அவர் பிறகு தொடவே இல்லை.