பால்கனியில் நின்று பார்த்த மழை

சடையங்குப்பத்தில் பால்கனி வைத்த குடிசையைப் பார்த்திருக்கிறீர்களா? நான் போன வாரம் ஒரு நோட்டில் பார்த்தேன்... ஆடிப் போய்விட்டேன்!

என் தங்கை கலா திருவொற்றியூரில் ஒரு ஸ்கூலில் தமிழ் டீச்சர். டோல்கேட் பக்கம் கடைகளில் துணி எடுக்கலாம் என்று அவளைக் கூப்பிடப் போயிருந்தேன். ஸ்டாஃப் ரூமில் கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. எதிரே ஒன்பதாவது படிக்கும் சத்யா, தலையைக் குனிந்தபடி.

"அக்கா, நீயே படி இந்த அநியாயத்தை!"

வீட்டுப்பாடக் கட்டுரை. தலைப்பு - 'நான் ரசித்த மழை'. பால்கனியில் நின்று, சூடான பக்கோடாவைக் கடித்தபடி, குடும்பமே மழையை ரசித்ததாம். தெருவில் தெளிந்த நீர் சலசலத்து ஓடியதாம். மருந்துக்கும் ஒரு பிழை இல்லை!

இவள் வீடு சடையங்குப்பத்தில். ஷீட் போட்ட ஒரே ரூம். பெருமழை என்றால் தண்ணீர் முதலில் நுழைவதே அங்கேதான். பால்கனியாவது, பக்கோடாவாவது!

"ஏ.ஐ.கிட்ட கேட்டுத்தானே எழுதினே?"

"ஆமா மிஸ்." மழுப்பவே இல்லை.

"முட்டைதான் மார்க்கு. நாளைக்கு உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. அவங்க முன்னாடியே இதைக் கிழிக்கிறேன்!"

அதுவரை கல்லு மாதிரி நின்ற பெண் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"முட்டை போடுங்க மிஸ்... கிழிக்காதீங்க. போன மழைல பாயி, அரிசி, தம்பி புக்கு எல்லாம் பூட்ச்சு. இந்தக் கட்டுரைல எங்க வூட்டுக்குள்ள தண்ணியே வர்ல மிஸ். அம்மாவுக்குப் படிச்சுக் காமிச்சேன். இன்னொரு தபா படின்னுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காப்பியடிப்பது மார்க்குக்காக என்றுதானே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்?

கலா நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தாள். "அம்மா வர வேணாம். வேற ஒண்ணு நீயே எழுதிட்டு வா... எதைப் பத்தி வேணா எழுது."

ஸ்கூட்டரைக் கிளப்பியும் எனக்கு மனசு ஆறவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற பிள்ளைகளிடம் போய் 'நான் ரசித்த மழை'யா? "ஏண்டி, எந்தப் புண்ணியவான் கொடுத்த தலைப்பு இது?"

தேரடி தாண்டிய பிறகு பின்சீட்டிலிருந்து மெல்ல வந்தது கலாவின் பதில்.

"வேலை ஜாஸ்திக்கா... ஏ.ஐ.கிட்டதான் பத்துத் தலைப்பு கேட்டு வாங்கினேன்."

அடிப்பாவி! அப்போ நாளைக்கு எங்கம்மாவையல்லவா ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போகணும்!