குஞ்சுகளின் தொப்புள்

ஒன்பது முட்டைகளையும் அவித்துக் கொடுத்திருந்தால் ஒன்பது நாளாவது என் மகள் வயிற்றுக்குள் நல்லது போயிருக்கும். நானோ அடைவைத்தேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று சொல்லலாம்தான். ஆனால் என் புருஷனை ஜப்பான்காரன் ஏற்கெனவே லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோயிருந்தான். எனக்கு மிச்சம் நான்கு வயது மகள் மட்டும்.

மலாக்காவை ஒட்டிய எங்கள் காஜா பெராங்கில் அப்போது எல்லார் வீட்டிலும் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அதைத் தின்று தின்று அவள் கால் வீங்கிவிட்டது. அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது.

"மருந்து ஒன்னும் இல்லம்மா. முட்டை கெடச்சா குடு. இல்லேன்னா புள்ள தாங்காது" என்றார் ஆஸ்பத்திரி டிரசர்.

முட்டை தந்தவள் பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அக்கா. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி என்றாலும் அவளுக்குத் தமிழ் வராது. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவளுடைய ஒரே மகன் காய்ச்சலில் போய் நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவனுக்காகச் சேர்த்துவைத்திருந்த ஒன்பதையும் கூடையோடு கொண்டுவந்து, "உன் மகளுக்குக் கொடு" என்று வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குப் பேராசை. வீட்டில் ஒரு கோழி அடைக்குத் தவித்துக்கொண்டிருந்தது. முட்டை ஒன்பது நாளில் தீர்ந்துவிடும், குஞ்சானால் கிளேபாங் கடற்கரை மீன்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு வாரக்கணக்கில் மீன் தருவார்கள் என்று நினைத்தேன். இரண்டையாவது அவித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

மூன்று வாரம் கழித்து ஏழு பொரிந்தன. ஒன்றுக்குக்கூடத் தொப்புள் மூடவில்லை. வயிறு உப்பி, தொப்புள் ஈரமாகக் கறுத்து, கிட்டே போனால் நாற்றமடித்தது. முதல் நாளே இரண்டு செத்தன. மற்றவற்றைத் தாய்க்கோழியே கொத்தித் தள்ளியது.

நான் பிள்ளைத் தொப்புளுக்குச் செய்வதையெல்லாம் செய்தேன். உப்பு போட்டு ஆறவைத்த வெந்நீரில் துடைத்தேன். வசம்பைச் சுட்டு, கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவினேன். புருஷனின் ஒரே நல்ல வேட்டியைக் கிழித்து, மண்ணெண்ணெய்த் தகரத்தில் மெத்தைபோலப் போட்டு அடுப்போரம் வைத்தேன். நனைந்த துணியை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்தது. "சாகாதே சனியனே, சாகாதே" என்று ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே துடைத்தேன். மகள் தகரத்துக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தாள். எழுந்து உட்கார அவளுக்குச் சக்தியில்லை.

மூன்றாம் நாள் மிச்சம் ஒன்றுதான். என் அழுகை கேட்டு அக்கா வந்தாள். குஞ்சைப் புரட்டிப் பார்த்தாள், மோந்தாள்.

"முட்டையக் கழுவினியா?"

தலையாட்டினேன்.

"அடைவைக்கிற முட்டையக் கழுவலாமா? ஓட்டு அழுக்கு தண்ணியோட உள்ள போயிடும். குஞ்சு வயித்துலயே அழுகிடும். நான்தான் நல்லாத் தொடச்சுக் குடுத்தேனே, எதுக்குக் கழுவினே?"

நான் குனிந்து தகரத்துத் துணியை மாற்றத் தொடங்கினேன். அவள் வீட்டுச் சாவுத் தீட்டு என் வீட்டுக்குள் வந்துவிடக்கூடாதென்று, அவள் முதுகு மறைந்ததும் கிணற்றடியில் மஞ்சள் தண்ணீரில் முக்கி, நாரால் தேய்த்தபிறகே ஒன்பதையும் உள்ளே எடுத்திருந்தேன். அவளும் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். தீட்டு அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குஞ்சைத் தகரத்தில் விட்டுவிட்டு எழுந்து போனாள். அந்த நிமிடம் என்னைப் பூமி விழுங்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மறுநாள் காலையில் கடைசிக் குஞ்சும் செத்தது. அதைப் புதைத்துவிட்டு நிமிர்ந்தபோது அக்கா வேலியோரம் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. கையை மட்டும் நீட்டினாள். இரண்டு முட்டைகள், மஞ்சள் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நானே கழுவிட்டேன். இத அடைவைக்காதே, அவிச்சுக் குடு."

அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். மகள் உள்ளே முனகினாள். முட்டைகளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அடுப்பை மூட்ட ஓடினேன்.