துரையின் லொறி வீட்டுக்கு ஏசி போட்ட வாரம்

பிள்ளைகளே, நான் ஏன் வெளிநாடு போகவில்லை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், "என்னய எடுக்கல, அவ்வளவுதான்" என்று சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறேன். அது உண்மை இல்லை. வாயால் சொல்லப் போனால் ஏதாவது சாக்குச் சொல்லி முடித்துவிடுவேன் என்பதால் எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

சண்டை நின்று, கிழக்குப் பக்கம் ரோடு திறந்திருந்த காலம். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத்து ஆலையில் நான் பிட்டர் வேலை பார்த்தேன். கொழுந்து உருட்டும் மிஷின், தேயிலை காயவைக்கும் டிரையர், காற்றாடி எல்லாவற்றிலும் என் ஸ்பேனர் பட்டிருக்கிறது. ஆனால் பேர் பதியும் செக்ரோலில் நான் வெறும் தொழிலாளி. அந்த நேரம் கட்டார் நாட்டில் ஏசி வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனியின் ஆட்கள் பதுளைக்கு வருவதாக இருந்தது. திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும்தான். பாஸ்போர்ட் என்னிடம் இருந்தது. பிட்டராக வேலை செய்தவன் என்று தோட்டத்து மேனேஜர் துரை கையெழுத்துப் போட்ட கடிதம்தான் இல்லை. அது இல்லாமல் உள்ளேயே விடமாட்டோம் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள்.

நான் கடிதம் கேட்கப் போன நேரத்தில் துரை ஒரு லொறி வாங்கியிருந்தார். ஜப்பானில் ஓடிய பழைய லொறி. பின்னால் சாமான் ஏற்றும் இடத்தில் ஒரு பெட்டி வீடு. உள்ளே கட்டில், மடக்கு மேசை, சின்ன அடுப்பு, வெளியே அடியில் கரண்டுக்கு ஒரு ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. குடும்பத்தோடு பொத்துவில் கடற்கரைக்குப் போய் அதிலேயே தங்குவது அவருடைய திட்டம். அங்கே வெயில் தாங்காது என்று கூரையில் பூட்டுகிற ஏசி ஒன்றையும் கொழும்பிலிருந்து வரவழைத்திருந்தார்.

"நீ ஏசி வேலைக்குத்தானே போறே?" என்றார். அவர் சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். "அப்ப இதைப் போட்டுக் கொடு. சனிக்கிழமை நாங்க போகணும். கடிதத்தை வெள்ளிக்கிழமை ஆபிசுல வந்து எடுத்துக்க."

"சரிங்க தொரை" என்றேன்.

அதுவரை நான் ஒரு ஏசியைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. ஏஜென்சியிலும் தெரியும் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். கற்றுக்கொள்ள ஒரு வழி கிடைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எனக்குத் துணையாக நின்றது டிரையர் அடுப்புக்கு விறகு போடுகிறவர். எனக்கு மச்சான் முறை. லொறிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தொரைக்கும் கடைசியில லயத்துல நம்மளுக்கு இருக்கிற மாதிரி ஒத்தக் காம்பராதான் கெடைச்சிருக்கு."

"நம்ம காம்பராவுக்கு ஏசி இல்லையே மச்சான்."

"நம்மளுக்கு எதுக்கு? கூரைத் தகரத்துல ஓட்டை இருக்கே."

பெட்டியின் கூரை நடுவில் காற்றுப் போவதற்கு ஒரு சதுரத் துளை முன்பே இருந்தது. மூடியைக் கழற்றினால், சுற்றியிருந்த மரச் சட்டம் மழைத் தண்ணீர் இறங்கி இத்துப்போயிருந்தது. விரலால் கிள்ளினால் புட்டு மாதிரி உதிர்ந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் அடித்தேன். ஏசியை ஆலையின் செயின் கப்பியில் கட்டித் தூக்கி, லொறியை அதற்குக் கீழே பின்னால் எடுத்து, மெதுவாக இறக்கினோம். கூரைக்கும் ஏசிக்கும் நடுவில் தடித்த ரப்பர் வைத்து, உள்ளேயிருந்து நான்கு நீள போல்ட்டால் இழுத்துப் பிடிக்க வேண்டும். கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஆபிசுப் பெரிய கிளாக்கர் ஐயா வாசித்துச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "ரப்பர் பாதி நசியுமட்டும்தான் முறுக்கலாமாம். அதுக்கு மேல முறுக்கினா கூரை வளையுமாம், கவனம்." டிரையர் கதவுக்கு முறுக்குவதுபோல எதிரும் புதிருமாக முறுக்கினேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை கரண்ட் கொடுத்தோம். காற்றாடி சுற்றியது. ஆனால் குளிர வைக்கிற மிஷின் ஸ்டார்ட் எடுக்கவில்லை. மூன்று நாளாக மலையில் பனி மூட்டம். பெட்டிக்குள்ளே ஏற்கெனவே உடம்பு நடுங்கியது. சூடு இருந்தால்தானே அது குளிர்விக்கப் பார்க்கும். மிஷின் பழுதா, இல்லை மலைக் குளிர்தான் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடற்கரைக்குப் போய்ப் பார்க்கட்டும் என்று விட்டு, அங்கே அது ஓடாமல் போனால் என் கடிதம் என்னாவது?

ஆலைக்காரனுக்கு வருகிற யோசனைதான் எனக்கும் வந்தது. லொறியை டிரையர் அறைக் கதவுவரை பின்னால் எடுத்து, அடுப்பின் சூட்டுக் காற்றை ஒரு தகரக் குழாயால் ஜன்னல் வழியாகப் பெட்டிக்குள் விட்டோம். ஜன்னல் இடுக்கில் சாக்கு அடைத்தோம். கதவைச் சாத்தினால்தான் சூடு நிற்கும். பழைய சாமான் என்பதால் அந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை. வெளியிலிருந்துதான் திறக்கலாம். "தட்டுனா தொறந்துடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறினேன்.

சூடு ஏறியது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. மிஷின் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நின்றேன். மூச்சு விடுவதே பாரமாகிவிட்டது. கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. கையை மடக்கிப் பலமாகக் குத்தினேன். ஆலை இரைச்சலில் கேட்கவில்லையோ என்று ஸ்பேனரால் அடித்தேன்.

வெளியே நடந்ததை மச்சான் பிறகு சொன்னார். அந்த நேரம் பார்த்துத் துரை வந்துவிட்டார். வந்தவர் விறகு ஈரமாக இருக்கிறது என்று பேசத் தொடங்கினார். துரை பேசும்போது நடுவில் நகர்ந்து போகிற பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என்ன அது சத்தம்?" என்று துரை கேட்டார். "மிஷின் வேலை செய்யுதுங்க தொரை" என்றார் மச்சான். என் வேலையில் பிழை இருக்கிறது என்று துரைக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்.

உள்ளே நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் உச்சியைப் பார்த்தேன். ஏசிக்குச் சூட்டைக் காட்டிக் கொடுக்கிற மெல்லிய செம்புக் குழாய் ஒன்று உண்டு. பூட்டும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை மேலே, குளிர்ந்த கூரைத் தகட்டோடு சேர்த்துச் செருகி வைத்திருந்தேன். எழுந்து, பலகையைக் கழற்றி, அதைக் காற்று வருகிற வழியில் இழுத்துவிட்டேன். டக்கென்று ஒரு சத்தம். கூரை அதிர்ந்தது. முகத்தில் குளிர் காற்று அடித்தது.

கதவைத் திறந்தது துரையே. உள்ளேயிருந்து வந்த காற்றில் கையை நீட்டிப் பார்த்தார். "ஹொந்தாய்" என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு வேர்வை?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க தொரை" என்றேன்.

அன்றைக்குச் சாயந்தரமே பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடியும் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபிசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் ஐயா மட்டும் இருந்தார். கடிதம் டைப் அடித்து மேசையில் கிடந்தது. அடியில் கையெழுத்து இல்லை.

"அவர் வெளிக்கிட்டிட்டார் தம்பி" என்றார். "ஏசி நல்லா வேலை செய்யுதெண்டு ஒரு நாள் முந்தியே போயிட்டார். இண்டைக்கு இரவு லுணுகலையில கூட்டாளித் துரையின்ர பங்களாவிலயாம்."

"நீங்க போட முடியாதுங்களா ஐயா?"

"நான் போட்டா அது வெறும் பேப்பர். விடியப் போய்ப் பிடியும்."

ஏசி ஓடாமல் இருந்திருந்தால் துரை ஆபிசில் இருந்திருப்பார். கடிதத்தை எடுத்துக்கொண்டு, அதை நினைத்தபடியே லயத்து வீட்டுக்கு நடந்தேன். உங்கள் அம்மா திங்கட்கிழமைக்கென்று என் வெள்ளைச் சட்டையை மடித்து வைத்திருந்தாள். நாளைக்கு வாங்கி வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் பதுளை, அங்கிருந்து பசறை வழியாக லுணுகலை. பங்களா முற்றத்தில் லொறி நின்றது. ஏசி ஓடுகிற சத்தம் வாசல் கேட்டுவரை வந்தது. துரை லொறிக்குள்ளே தூங்குகிறார் என்றார் காவல்காரர். "ராத்திரியும் அதுக்குள்ளதான். இப்பவும் அதுக்குள்ளதான். எழுப்பிடாதீங்க, எனக்குத்தான் ஏச்சு விழும்." நான் எழுப்பவில்லை. உச்சி வெயில் சாயும்வரை கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

துரை எழுந்து வந்து கடிதத்தைப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? நேத்தே சொல்லியிருந்தா போட்டிருப்பேனே." லொறியின் முன் மூடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மிக நல்ல வேலைக்காரன் என்று இங்கிலீஷில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தும் எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. இதை வாசிக்கும்போது அவரைத் திட்டாதீர்கள்.

பேனாவை மூடிக்கொண்டு சொன்னார்: "நீ வந்தது நல்லதாப் போச்சு. ஏறு. கீழ வெயில்ல ஏசி நின்னுட்டா யாரு பாக்கிறது?"

"எப்பங்க தொரை திரும்புறது?"

"புதன்கிழமை."

"சரிங்க தொரை" என்றேன்.

யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கடிதம் சட்டைப் பையில் இருந்தது. திங்கட்கிழமை எனக்கு இன்டர்வியூ என்று சொல்லியிருந்தால், சரி போ என்று சொல்லியிருப்பார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அவருக்கு நாள் ஞாபகம் இல்லை. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சாமான் மூட்டைகளுக்கு நடுவில் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன்.

மொனராகலையில் இளநீர் குடிக்க நிறுத்தினார்கள். எதிரே பஸ் ஸ்டாண்ட். கடைசி பஸ்ஸில் கொண்டக்டர் தொங்கிக்கொண்டு "பசறை பதுள, பசறை பதுள" என்று கூப்பிட்டார். என்னைப் பார்த்து, "அண்ணே, வாறீங்களா?" என்றும் கேட்டார். கையில் இளநீரோடு நின்றேன். குடித்து முடிக்காமல் எப்படிப் போவது என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஏசி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. திங்கட்கிழமை முழுவதும் பொத்துவில் கடற்கரையில் லொறி நிழலில் உட்கார்ந்திருந்தேன். துரையின் பிள்ளைகள் கடலில் விளையாடினார்கள். துரையின் சம்சாரம் நோனா எனக்குத் தின்னப் பாண் கொடுத்தார். கடலை நான் அந்தப் பயணத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் மனசெல்லாம் பதுளையில் இருந்தது.

புதன்கிழமை இரவு உங்கள் அம்மா, "கையெழுத்து வாங்கினீங்களா?" என்று கேட்டாள். கடிதத்தைக் கொடுத்தேன். விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கையெழுத்தைப் பார்த்தாள். சோறு போட்டாள். கம்பெனிக்காரர்கள் பிறகு பதுளைக்கு வரவில்லை.

"எனக்கு வேலை இருக்குங்க தொரை, வர முடியாதுங்க." அந்த ஒரு பேச்சை உருட்டும் மிஷின் ஓடும்போது அதன் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை இல்லை, பல வருஷம். யாருக்கும் கேட்காது.

கடைக்குப் போய்வா என்று நான் கூப்பிட்டால், "இப்ப முடியாதுப்பா, படிக்கணும்" என்று நீங்கள் தலையைத் தூக்காமலே சொல்வீர்கள். நான் முறைப்பேன். பிறகு நானே பையை எடுத்துக்கொண்டு போவேன். போகும்போது எனக்குக் கோபம் இருந்ததே இல்லை.