விளக்கு போடாத எலேயுதேரியோ

எங்கள் அட்டகாமா பாலைவன மலையில் தொலைநோக்கியின் கூரை திறந்திருந்தால் எந்த வண்டியும் முகப்பு விளக்கு போடக்கூடாது. சாப்பாட்டு வண்டி ஓட்டும் எலேயுதேரியோவுக்கு அது வேதவாக்கு. "பாதை என் டயருக்குத் தெரியும். நீ உன் வானத்தைப் பாருடா" என்று என்னைக் கிண்டலடிப்பான்.

அன்று பக்கத்துச் சுருள் விண்மீன் மண்டலத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம். மாலையிலிருந்து அடிவாரத்தில் படுத்துக் கிடந்த கடல் மூடுபனி எழுந்து மலையேறியது. தொலைநோக்கியின் கண்ணாடி நனையாமலிருக்க அவசரமாகக் கூரையை மூடினேன். அப்போது ரேடியோவில் அவன் குரல்: "மச்சான், பனியில ஒண்ணும் தெரியல. விளக்கு போட்டா உன் படம் கெட்டுடும்ல? மெதுவா வர்றேன்."

"போட்டுத் தொலைடா கழுதை! கூரையை மூடியாச்சு!" என்று கத்தினேன். இரைச்சல்தான் பதிலாக வந்தது.

விடிந்ததும் பள்ளத்தில் வண்டியைக் கண்டோம். முகப்பு விளக்குகள் உடையவேயில்லை. விசையைத் தட்டினேன்; இரண்டும் பளிச்சென்று எரிந்தன.