சந்தனம் இல்லாத மொட்டை

பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. 1982ஆம் ஆண்டு, ஈப்போ பாடாங் திடலின் ஓரத்தில் ராமையா புல் வெட்டிக்கொண்டிருந்தார். மங்களம் அந்த வெயிலில் குடைகூடப் பிடிக்காமல் வருவதைத் தூரத்திலேயே பார்த்ததும், ஓங்கிய கத்தி அப்படியே நின்றுவிட்டது.

“அண்ணே, கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில இடம் கிடைச்சிருச்சாம். வியாழக்கிழமை வந்து சேரச் சொல்றாங்க. அவரு போகமாட்டேங்கிறாரு. நீங்கதான் வந்து தைரியம் சொல்லணும்.”

மங்களத்தின் கணவர் மாயாண்டிக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. ஆப்ரேஷன் செய்யாவிட்டால் அடுத்த தீபாவளி சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாயாண்டியும் ராமையாவும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த நிரையில் பால் மரம் வெட்டியவர்கள். ராமையாவுக்குப் பாம்புப் பயம், புலிப் பயம், பேய்ப் பயம் எல்லாம் உண்டு. விடியாத இருட்டில் அடுத்த நிரையிலிருந்து, “மச்சான், இருக்கியா?” என்று மாயாண்டி குரல் கொடுப்பார். “இருக்கேன்லா” என்று பதில் சொன்ன பிறகுதான் ராமையாவின் கத்தி மரத்தில் படும். தோட்டத்தை விற்றதும் இரண்டு குடும்பமும் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்தன. ராமையாவுக்கு நகராட்சியில் புல் வெட்டும் வேலை. மாயாண்டி ஒரு மரக்கிடங்கில் இரவுக் காவலுக்குப் போனார். இங்கேயும் தைரியம் சொல்வது மாயாண்டியின் வேலையாகவே இருந்தது. இப்போது அது ராமையாவின் தலையில் விழுந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லுமலைக் கோயிலுக்குப் போனார். மாயாண்டியைக் காப்பாற்று என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு மொட்டை போட்டுக்கொண்டார். தலை நிறையச் சந்தனம் பூசி, சைக்கிளில் நேராக மாயாண்டியின் வீட்டுக்குக் கிளம்பினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. புந்தோங் போய்ச் சேர்ந்தபோது தலையில் ஒரு பொட்டுச் சந்தனம்கூட இல்லை. வெறும் மொட்டையும் ஈர வெள்ளை வேட்டியுமாக வாசலில் நின்றார்.

மங்களத்தின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. “யாரு போயிட்டாங்கண்ணே? தாப்பாவுல இருக்கிற உங்க அம்மாவா?”

உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்த மாயாண்டி எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. “எனக்குத்தான் மங்களம். முன்கூட்டியே வழிச்சிட்டு வந்துட்டான்.”

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ராமையாவுக்கு மறந்துபோயிற்று. “முருகனுக்கு மச்சான். நீ நல்லாகணும்னுதான் போட்டேன். சந்தனம் மழையில போச்சு.”

“நான் போகலை. நெஞ்சைப் பிளந்து, ஓடிக்கிட்டு இருக்கிறதை நிறுத்தி வச்சுத் தைப்பாங்களாம். நிறுத்தினது திரும்ப ஓடலேன்னா?”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ போகலேன்னா இன்னும் பயம். மூச்சு வாங்கிக்கிட்டு நீ உட்கார்ந்திருக்கே. உன்னையே பார்த்துக்கிட்டு தங்கச்சி உட்கார்ந்திருக்கா. இது எத்தனை நாளைக்கு? நான் கூட வாரேன். ஆப்ரேஷன் அறைக் கதவு வரைக்கும் வாரேன்.”

“ஆஸ்பத்திரி வாடை அடிச்சாலே வாந்தி எடுப்பே நீ.”

“எடுக்கிறேன்லா. எடுத்துட்டு வாரேன்.”

மாயாண்டி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்க நேரமானது. “சரி, போலாம். ஆனா தொப்பி ஒண்ணு வாங்கிக்க. இந்தத் தலையைப் பார்த்தா பக்கத்துக் கட்டில்காரன் செத்துருவான்.”

ராமையா தொப்பி வாங்கிக்கொண்டார். கோலாலம்பூர் போகும் பேருந்தில் இரண்டு முறை வாந்தியும் எடுத்தார்.

ஆப்ரேஷனுக்கு முந்திய மாலை மாயாண்டியின் நெஞ்சு முடியை மழித்திருந்தார்கள். அவர் சட்டையை விலக்கிக் காட்டினார். “பாரு மச்சான், நானும் மொட்டை. சந்தனத்துக்குப் பதிலா மருந்து பூசுவாங்களாம்.” ராமையா சட்டையை இழுத்து மூடிவிட்டார்.

கை நகங்களை வெட்டிவிடச் சொல்லிவிட்டுத் தாதி போனாள். ராமையா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாயாண்டியின் இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். விரல் நுனிகள் நீலம் பாரித்துச் சில்லென்று இருந்தன. இடது கையை முடித்து, வலது கையின் கட்டைவிரலையும் வெட்டியபோது வெளியே மாலைத் தொழுகை அழைப்பு கேட்டது. வார்டில் விளக்குகளைப் போட்டார்கள்.

“அண்ணே, விளக்கு வச்சாச்சு. இன்னைக்குப் போயி, இந்த நேரத்துல நகம் வெட்ட வேணாம்” என்றாள் மங்களம்.

பேய்க்குப் பயந்தவர்தான் என்றாலும் ராமையா நகம் வெட்ட நேரம் பார்த்ததில்லை. அன்றைக்கு அவருக்கு எதைக் கண்டாலும் பயமாக இருந்தது. நகவெட்டியை மடக்கினார். “மிச்சத்தைக் காலையில வந்து வெட்டுறேன் மச்சான்.”

“வா” என்றார் மாயாண்டி.

காலையில் இவர்கள் போவதற்குள் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ராமையா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூடிய கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வெயில் சாயும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். நிறுத்திய இதயம் மறுபடி ஓடவில்லை என்று மங்களத்திடம் மலாயில் மெதுவாகச் சொன்னார். ராமையாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனாலும் இன்னொரு முறை சொல்லும்படி கேட்டார்.

உடல் புந்தோங்குக்கு வந்தது. குளிப்பாட்டும்போது வலது கையை ராமையாதான் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் தவிர, மற்ற நான்கு விரல்களிலும் நகம் வெட்டப்படாமல் இருந்தது.