சித்தப்பாவின் மூன்று மைல்

என் வீட்டு மொட்டை மாடியில் சுண்ணாம்பால் ஒரு எட்டு வரைந்து வைத்திருக்கிறேன். டாக்டர் உத்தரவுப்படி தினமும் காலையில் அரை மணி நேரம் அதன் மேலேயே சுற்றிச் சுற்றி நடக்கிறேன். செக்குமாடு மாதிரி இருக்கிறதாம், மனைவி சொல்கிறாள். செக்குமாட்டால் எண்ணெயாவது கிடைக்கும் என்று நானே திருத்தினேன். சமீபத்தில், லீவு கிடைத்தால் மலையேறப் போய்விடும் அலுவலக நண்பர் ஒருவர், "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச நடை எது சார்?" என்று கேட்டார். எட்டைச் சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மலை கிடையாது. மன்னார்குடிக்குக் கிழக்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், வயல் முடிகிற இடத்தில் வானம். ஆற்றங்கரை மேடுதான் எங்கள் சிகரம். எட்டடி உயரம். அதன் உச்சியிலும் நமக்கு முன்னால் ஒரு ஆடு ஏறி நிற்கும்.

பிடித்த நடை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆரம்பித்தால் முழுவதையும் சொல்ல வேண்டிவரும். "அப்படி ஒண்ணும் இல்லை சார்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மதராஸில் வேலை பார்த்த சித்தப்பா, இரத்தக் கொதிப்பு என்று ஒரு மாத லீவு போட்டுவிட்டு மார்கழியில் ஊருக்கு வந்தார். தினம் மூன்று மைல் நடக்க வேண்டும் என்பது மருந்து. சித்தப்பா எதையும் முறைப்படி செய்கிறவர். வெள்ளை கான்வாஸ் ஷூ, கழுத்தில் மஃப்ளர், கையில் பிரம்பு. துணைக்கு நான்.

ஊருக்கு இது பிடிபடவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும்தான் நடந்தார்கள். ஆனால் எங்கேயாவது போய்ச் சேருவதற்காக நடந்தார்கள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"சும்மாதான். நடக்க."

"சரி, நடந்து எங்க?"

"எங்கேயும் இல்லப்பா. போயிட்டுத் திரும்பி வந்துடுவேன்."

"திரும்பி வர்றதுக்கு எதுக்குங்க போகணும்?"

சித்தப்பா மஃப்ளரை இறுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். இதற்கு இன்றுவரை எந்த டாக்டரிடமும் பதில் இல்லை. ஒரு வாரத்துக்குள் ஊரே காரணங்களைக் கண்டுபிடித்துவிட்டது. சிலர் மலச்சிக்கல் என்றார்கள். சிலர் சித்தியோடு சண்டை என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் மட்டும், அண்ணனிடம் பாகம் பிரித்து வாங்கி நிலத்தை விற்கப்போகிறார் என்றார்கள்.

ஆற்றங்கரையோடு போய், மதகில் இறங்கி, வாய்க்கால் கரையைப் பிடித்து, கோவிந்தன் வயல் வரப்பில் குறுக்கே நடந்து, கோயில் குளத்தைச் சுற்றித் திரும்புவோம். கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற நேரம். பயிரின் மேல் சிலந்தி வலைகளில் பனி கோத்திருக்கும். ஒரு அடி அகல வரப்பில் நண்டு வளைக்குத் தப்பிக் கால் வைத்துப் போனால் இரண்டு பக்கமும் நெற்கதிர் முழங்காலை நனைக்கும். வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ தூரம் போயிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக எங்கேயும் போனதில்லை. அதைத்தான் நண்பரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று மைல் ஆனதை எப்படித் தெரிந்துகொள்வது? சித்தப்பா அடிகளை எண்ணச் சொன்னார். நான் உரக்க எண்ணுவேன். நூறு ஆனதும் இடது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை வலது பைக்கு மாற்ற வேண்டும். கோவிந்தன் வரப்பு மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். அங்கே சித்தப்பா மூலையில் பிரம்பை ஊன்றி மூச்சு வாங்கிக்கொள்வார். பிறகு, "ம், முதல்லேருந்து எண்ணு" என்று கிளம்புவார்.

கோவிந்தன் எங்கள் குத்தகைக்காரர். இரண்டு ஏக்கர். ஐம்பது வயது மனிதரை ஒன்பது வயது நான் "வாடா கோவிந்தா" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'அவர்' என்று எழுதி ஈடுகட்டப் பார்க்கிறேன். புது ஆட்சி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நிலத்தில் உழைக்கிற குத்தகைக்காரன் பெயரை ஏட்டில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் எளிதில் வெளியேற்ற முடியாது. அதனால் பதிகிறவர்கள் வருவதற்குள் வெளியேற்றிவிடுவது என்று பக்கத்து ஊர்களில் சில மிராசுதார்கள் அவசரப்பட்டார்கள். பயிர் முற்றியதும் வெளியூர் ஆட்களையும் போலீசையும் கூட்டிவந்து அவர்களே அறுத்துக்கொண்டு போனார்கள். வண்டிப் பாதைகளில் சிவப்புக் கொடி ஏறியது. எங்கள் அப்பா அப்படியெல்லாம் செய்யவில்லை. செய்யமாட்டேன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஒரு நாள் கோவிந்தன் வரப்பில் சித்தப்பா முன்னால் போய்விட்டார். நான் புளியங்கொட்டையைத் தவறவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். கோவிந்தன் மனைவி வரப்போரம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, சின்னய்யா தெனம் இந்த வரப்புல வந்து எண்ணிக்கிட்டுப் போறாரு?"

நடக்கிறோம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்திருந்தது. அந்தப் பதிலுக்கு ஊரில் மரியாதையே இல்லை. "அளக்கிறோம்" என்றேன்.

"எதுக்குங்க?"

"அதெல்லாம் வெளியில சொல்லக்கூடாது."

பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு வெளியே வந்து சொல்கிற வாக்கியம் அது. எனக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று நானே நினைக்கவில்லை. அவர் கையிலிருந்த அரிவாள் அப்படியே நின்றது. என் பேச்சைக் கேட்டு ஒரு பெரிய ஆள் வேலையை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. எழுத்தாளன் ஆனபிறகும் அதிகம் நடந்ததில்லை.

மறுநாள் டீக்கடைக்காரர் சித்தப்பாவிடம், "அளவெல்லாம் முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் சிரித்தார். பிறகு சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நீ போய்க் கோவிந்தன்கிட்ட சொல்லிட்டு வா. சித்தப்பா உடம்புக்காக நடக்கிறார், அளவும் இல்லை கிளவும் இல்லைன்னு. பாவம், பயந்துக்கப் போறான்."

தினம் மூன்று மைல் நடப்பவர், அரை மைலில் இருந்த வீட்டுக்கு என்னை அனுப்பினார். அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் அந்த அரை மைலும் போகவில்லை.

வாய்க்கால் மேல் பனைமரத்தைப் போட்டிருந்த பாலம்வரை போனேன். அங்கிருந்து அவர்கள் வீடு தெரிந்தது. அந்த அம்மாள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'அப்ப அன்னைக்கு அளக்கிறோம்னீங்களே தம்பி?' என்று கேட்டால் என்ன சொல்வது? பாலத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டேன். ஒரு மீன்கொத்தி நாலு தடவை முங்கி ஒரு மீன் பிடித்தது. அது ஐந்தாம் தடவை முங்கியதும் எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "சரின்னான்" என்றேன்.

நாலாம் நாள் விடியற்காலை, கோவிந்தன் பயிரை அறுக்கிறார் என்று ஆள் ஓடி வந்து சொன்னான். முற்ற இன்னும் இரண்டு வாரமாவது இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள். நானும் பின்னால் போனேன். அவரும் மனைவியும் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுப்பென்றால் கேலியும் சிரிப்புமாக இருக்கும். அன்று அரிவாள் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏண்டா கோவிந்தா, கதிர்ல பாலு இன்னும் கட்டலையேடா! புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்றார் அப்பா.

"பயிரு நான் வச்சதுங்க ஐயா."

"இல்லேன்னு யாரு சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே. அதான்."

சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது. "சொல்லித்தானே அனுப்பினேன்! புள்ளை வந்து சொன்னானா இல்லையா?"

கோவிந்தன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தம்பி வரலீங்களே."

"அப்ப என் மகன் பொய் சொல்றாங்கிறியா?" என்றார் அப்பா.

எல்லா அரிவாளும் நின்றன. நான் வரப்பில் ஒரு நண்டு வளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கவனமாக அதற்கு முன்னும் பின்னும் நான் எதையும் பார்த்ததில்லை. வாயைத் திறக்க எனக்குப் போதுமான நேரம் இருந்தது. அதை நான் பல வருஷமாக எண்ணிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

"தம்பி வந்திருக்குமுங்க" என்றார் கோவிந்தன். "நான்தான் கவனிக்காம இருந்திருப்பேனுங்க."

பிறகு குனிந்து அறுக்க ஆரம்பித்தார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். நல்லதைச் சொல்லியனுப்பியும் கேட்காதவன் என்று அன்றே முடிவாகிவிட்டது.

அப்பா கெட்டவர் இல்லை. வந்த சந்தர்ப்பத்தைத் திருப்பி அனுப்பத் தெரியாதவர், அவ்வளவுதான். பால் கட்டாமல் அறுத்த நெல் பெரும்பாலும் உள்ளே அரிசியில்லாத பதராகப் போனதால், அந்த வருஷம் கோவிந்தனால் குத்தகை நெல்லில் பாதிகூட அளக்க முடியவில்லை. குத்தகை பாக்கி என்றால் சட்டம் யார் பக்கம் என்று அப்பாவுக்குத் தெரியும். பெயர் பதிகிறவர்கள் ஊருக்கு வந்தபோது, 'என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில்' என்று தொடங்கி நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒரு தாளில் கோவிந்தனின் கைநாட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது. அந்தக் குடும்பம் வைகாசியில் மனைவியின் ஊர்ப்பக்கம் போய்விட்டது. வக்கீல் வைத்தும் பக்கத்து ஊரில் முடியாததை உன் தம்பி காலால் நடந்தே முடித்துவிட்டான் என்று உறவினர்கள் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெருமையில் கொஞ்சம் என்னுடையது என்று எனக்குத் தெரியும். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்த அறுப்பு நடந்த அன்றே நடையை விட்டுவிட்டார். கேட்டால், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

"ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமே" என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடும்வரை உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் தூங்கியிருக்க மாட்டார் என்று ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். அது எனக்காக வைத்திருக்கிற சமாதானம்தான்.

ஆனால் இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஒன்பது வயதில், அறுத்த மூன்றாம் நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கோவிந்தன் களத்தைப் பார்த்ததும் உள்ளே ஓடினேன். கதிர் ஈரமாக இருந்ததால் நெல் லேசில் உதிரவில்லை. கட்டுகளை ஓங்கி ஓங்கி அடித்து அன்றுதான் முடித்திருந்தார்கள். கோவிந்தன் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முறத்தைத் தலைக்கு மேல் தூக்கித் தூற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவு பதர் பறந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் களத்தில் தூற்றும்போது கொஞ்சம் போலப் பறந்து வேலியோரம் விழுந்துவிடும். இங்கே முறத்திலிருந்து காலடியில் விழுந்தது கொஞ்சம். மீதியெல்லாம் எழுந்து, வெயிலில் பொன்னாக மின்னி, களத்தைத் தாண்டி வாய்க்கால்வரை போயிற்று. புத்தகப் பையைப் போட்டுவிட்டு நடுவில் போய் நின்று கையை விரித்துச் சுற்றினேன். தலையெல்லாம், சட்டையெல்லாம் பதர். கோவிந்தன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நல்ல காத்து, இல்ல?" என்றேன் அந்த அம்மாளிடம்.

அவர் முறத்தை இறக்கினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க தம்பி, நல்ல காத்து. கண்ணுல விழுந்துடப்போவுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."